காரணம் பிறகுதான் வருகிறது

“இணைய விவாதத்தில் என் கருத்தில் உறுதியாக நின்றால் பிடிவாதக்காரன் என்கிறார்கள், இறங்கி வந்தால் கொள்கை இல்லாதவன் என்கிறார்கள். திறந்த மனதோடு இருந்துகொண்டே கருத்தை விடாமல் இருக்க முடியுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் முதலில், நம் கருத்துக்கான காரணங்கள் எப்போது பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும். காரணம் முதலில், கருத்து அடுத்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பிடித்த தகவலை மட்டும் பொறுக்கி எடுக்கும் மனப்போக்கைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், அதைத் தாண்டிப் போவோம். அதைவிட விசித்திரமான ஒன்று, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில் இருக்கிறது.

லார்ஸ் ஹால், பீட்டர் யோஹான்சன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. 160 பேரிடம் கிளிப் அட்டையில் செருகிய இரண்டு பக்கக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ‘குற்றத்தையும் பயங்கரவாதத்தையும் தடுப்பதற்கென்று அரசு மக்களின் மின்னஞ்சலைப் பெருமளவில் கண்காணிப்பதைத் தடை செய்ய வேண்டும்’ என்பது போன்ற வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று எண்ணால் குறிக்க வேண்டும். முதல் பக்கத்தை முடித்தவர் அதை அட்டைக்குப் பின்னால் மடித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தை நிரப்புவார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, தன் பதில்களுக்கு விளக்கம் சொல்வார்.

வித்தை அந்த மடிப்பில் இருக்கிறது. முதல் பக்கத்தின் சில வாக்கியங்கள் தனித் துண்டில் அச்சாகி, மேலே லேசாக ஒட்டப்பட்டிருந்தன. அட்டையின் முதுகில் அதைவிட வலுவான பசை. பக்கம் பின்னால் போனதும் துண்டு அங்கே ஒட்டிக்கொள்ளும். பக்கம் திரும்பி வரும்போது அடியில் இருந்த வாக்கியம் வெளிப்படும். அதில் ‘தடை செய்ய வேண்டும்’ இருந்த இடத்தில் ‘அனுமதிக்க வேண்டும்’. அவர் கைப்பட இட்ட குறி மட்டும் அப்படியே இருக்கும், கருத்து தலைகீழாகிவிடும்.

பலர் கண்டுபிடித்தார்கள்தான். ஆனால் மாற்றப்பட்ட இரண்டு வாக்கியங்களில் ஒன்றையாவது தன் கருத்தாக ஏற்றுக்கொண்டவர்கள் 69 சதவீதம். அவர்களில் பலர் சும்மா தலையாட்டியதோடு நிற்கவில்லை. சற்று முன் எதிர்த்த நிலைப்பாட்டுக்கு ஆதரவாகக் கோவையான வாதங்களை அடுக்கினார்கள், அதுவும் தடுமாறாமல்! அந்த வாதங்கள் எங்கிருந்து வந்தன? கருத்தை உருவாக்கிய காரணங்களாக அவை இருக்க வழியில்லை, கருத்தே வேறு. கேட்ட நொடியில் தயாரானவை அவை.

எனக்கு இந்தச் சோதனைமேல் தீராத காதல். காகிதமும் பசையும் போதும்! பிரம்மாண்டக் கருவிகளுக்குத் தயங்காமல் நிதி ஒதுக்குகிறவர்கள் மனம் பற்றிய ஆய்வு என்றதும் “இதற்கெல்லாமா பணம்?” என்று கேட்பது வேடிக்கைதான். சோதிடம் பொய்த்த பிறகும் சாக்குக் கண்டுபிடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் பகுத்தறிவாளர்களுக்கும் (என்னையும் சேர்த்துத்தான்) மண்டைக்குள் ஓடுவது இதே இயந்திரம்.

அப்படியானால் எல்லா வாதமும் வெற்று ஜோடனையா? இல்லை. 2016-இல் எமானுவேல் த்ரூஷ், யூகோ மெர்சியே ஆகியோர் லுண்ட் குழுவினருடன் சேர்ந்து இன்னொரு குறும்பு செய்தார்கள். சில தர்க்கக் கணக்குகளைக் கொடுத்து, விடையையும் அதற்கான வாதத்தையும் எழுதச் சொன்னார்கள். பிறகு “இது வேறொருவர் எழுதியது, சரியா பாருங்கள்” என்று சொல்லி, அவரவர் எழுதிய வாதத்தையே அவரவரிடம் நீட்டினார்கள். சூழ்ச்சியைக் கண்டுகொள்ளாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தாங்களே எழுதியதை ஏற்க மறுத்துவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்ததுதான்: சரியான விடைக்கு எழுதிய வாதத்தைவிடத் தவறான விடைக்கு எழுதிய வாதமே அதிகம் நிராகரிக்கப்பட்டது. அதாவது சொத்தையைக் கண்டுபிடிக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. அதை அடுத்தவர் மேல்தான் ஏவுகிறோம், நம் சரக்கைச் சோதிக்காமல் உள்ளே விட்டுவிடுகிறோம்.

வாசகரின் குழப்பம் இங்கே தீர்கிறது என்று நினைக்கிறேன். திறந்த மனம் என்பதற்குக் கருத்தைக் கைவிடத் தயாராக இருப்பது என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. பதிவிடும் முன், இதே வரிகளை எனக்குப் பிடிக்காத ஒருவர் எழுதியிருந்தால் எங்கே மடக்குவேன் என்று தேடினால் போதும். தேடியும் ஓட்டை கிடைக்கவில்லையா, தாராளமாக உறுதியாக நில்லுங்கள்.

எதிராளியிடம் என்ன கேட்பது? “ஏன் அப்படிச் சொல்கிறாய்?” என்றால் காரண உற்பத்தி தொடங்கிவிடும். “அது எப்படி நடக்கும், படிப்படியாகச் சொல்” என்று கேட்பது வேறு வகை. ஓய்வு வயதை உயர்த்துவது போன்ற கொள்கைகளை வைத்து ஃபெர்ன்பாக், ஸ்லோமன் குழுவினர் 2013-இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். செயல்படும் விதத்தை விளக்கச் சொன்னபோது, தனக்கு எவ்வளவு புரியும் என்ற மதிப்பீட்டைப் பலர் தாங்களே குறைத்துக்கொண்டார்கள், நிலைப்பாடும் சற்றுத் தணிந்தது. காரணங்களைப் பட்டியலிடச் சொன்னபோது நிலைப்பாடு அப்படித் தணியவில்லை. ஆனால் பிறகு வந்த ஆய்வுகளில் இந்தத் தணிவு எப்போதும் தெரியவில்லை. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்டால் எதிராளி மனம் மாறிவிடுவார் என்று எண்ண வேண்டாம். எந்தப் படி தனக்குத் தெரியவில்லை என்பதை அவர் கவனிக்கக்கூடும், அவ்வளவுதான். அதே கேள்வியை அவர் நம்மிடம் திருப்பிக் கேட்டால் நமக்கும் அதுவே நடக்கும்.