முப்பத்துமூன்று டிகிரிதானே என்று கொச்சிக்குப் புறப்படுபவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பொது மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, ஒவ்வொரு கோடையிலும் ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்க நேர்கிறது. 40 டிகிரியைத் தொடும் வெயிலில் தோப்பு வேலை பார்ப்பவர்கள், ஒரு நாள் வேலையாகக் கொச்சிக்குப் போய்வந்ததும் படுத்துவிடுகிறார்கள். அது ஏன் என்பது அவர்களுக்கும் புரிவதில்லை, வீட்டாருக்கும் புரிவதில்லை.

ஒரு மே மாத மாலையில், 60 வயதைக் கடந்த தென்னை விவசாயி ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காகக் கொச்சியில் பகல் முழுவதும் அலைந்திருக்கிறார். நாக்கு வறண்டிருந்தது; கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்திருந்தது; படுத்திருந்தபோது சரியாக இருந்த இரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் சட்டென்று இறங்கியது. "நம்மூர்ல நாப்பது டிகிரியில நின்னவனுங்க டாக்டருங்க, அங்க முப்பத்திமூணுதானுங்க காட்டுச்சு. அதுக்குப் போயி மயக்கம் வருமுங்களா?" என்று கேட்டார். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையை அவர் உட்கொண்டுவந்தார். போகிற இடத்தில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீரையும் குறைத்திருந்தார். புழுக்கத்தோடு இவ்விரண்டும் சேர்ந்ததுதான் அவரைச் சாய்த்தது.

வெயில் வேறு, புழுக்கம் வேறு. நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பானையின் சுவரில் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோடையில் வறண்ட காற்று வீசும் நம் பக்கத்தில் பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையைக் கடலோர ஊரில் வைத்தால் அந்த அளவுக்குக் குளிராது, ஏனெனில் அங்குள்ள காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்துகொண்டிருக்கிறது. நம் உடலும் அப்படித்தான். ஒரு கிராம் வியர்வை தோலின் மேல் ஆவியானால் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுந்தால் அந்தப் பயன் கிடைக்காமல், உடலிலிருந்து நீரும் உப்பும் மட்டுமே போகும். இங்கே தோப்பிலிருந்து திரும்புபவரின் சட்டை காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கொச்சியில் அதே சட்டை மாலைவரை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எண்ணில் சொல்வதானால், வெப்பம் 38 டிகிரியும் ஈரப்பதம் 25 விழுக்காடும் இருக்கும்போது உடல் உணரும் வெப்பமும் ஏறக்குறைய 38 டிகிரிதான். ஆனால் வெப்பம் 33 டிகிரியாகவும் ஈரப்பதம் 65 விழுக்காடாகவும் இருந்தால், உடல் உணர்வது நிழலிலேயே சுமார் 41 டிகிரி. வெப்ப அலையைக் கணக்கிடும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்கு 40 டிகிரியையும் கடலோரத்துக்கு 37 டிகிரியையும் வரம்பாக வைத்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன் கைப்பேசியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், அதற்குக் கீழே காட்டும் ஈரப்பதத்தையும் 'உணரும் வெப்பம்' என்ற எண்ணையும் பார்க்குமாறு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இரவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பது என் வருத்தம். கோடையில் கொச்சியின் இரவு வெப்பம் 26 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். பகலில் சூடேறிய உடல் தணிய நேரம் கிடைக்காது. உறவினர் வீட்டில் காற்றோட்டமில்லாத அறையில் பத்துப் பேரோடு படுத்து எழுந்த முதியவருக்கு, மறுநாள் வெயில் முதல் நாளைவிடக் கடுமையாகத் தாக்கும். புதிய புழுக்கத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பிடிக்கும் என்பதால், முதல் சில நாள்களில் வேலையைக் குறைத்துக்கொள்வதே முறை.

நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் போய்வரலாம். விடியற்காலை இதமாக இருக்கும், மழையும் அரிது. மார்ச்சு முதல் மே வரை புழுக்கம் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் தேதியை ஒட்டி இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை இறங்கியபின் வெப்பம் 30 டிகிரிக்குக் குறைந்தாலும் துணி காயாது; ஈர உடையோடு சுற்றியவர்கள் தொடை இடுக்கில் படர்தாமரையோடு என்னிடம் வருகிறார்கள். ஐப்பசியில், அதாவது அவர்கள் சொல்லும் துலாம் மாதத்தில், காலை பளிச்சென்று இருந்தாலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். அப்போது மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

கொச்சி உணவகங்களில் பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சிய செந்நிறத் தண்ணீர் வைப்பார்கள். அதைத் தயங்காமல் குடிக்கலாம். உப்புப் போட்ட மோரும் கஞ்சித் தண்ணீரும் நல்லவை. நெடுநேரம் வியர்த்தவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். தேவைப்படும், பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்கிக்கொள்ளலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும், நீர்மாத்திரை எடுப்பவர்கள் பயண நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். தாங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீர் மஞ்சள் அடர்ந்து வந்தால் உடலில் நீர் குறைகிறது என்று பொருள்.

வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. புழுக்கமான ஊரில் வெப்பவாதம் வந்தவருக்கு உடம்பு நனைந்தே இருக்கலாம். பார்க்க வேண்டியது பேச்சைத்தான்: குழறிப் பேசினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் விழித்தாலோ, தள்ளாடினாலோ உடனே 108ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய் உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரையால் இந்தச் சூடு தணியாது. வண்டி வரும்வரை ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்த வேண்டாம்.