சூடான் குறுவாளா? உறையை முதலில் பாருங்கள்

பழம்பொருள் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் "சூடான் குறுவாள்" என்று சீட்டு ஒட்டி வருபவற்றில் பல, சூடானில் செய்தவையே அல்ல. இன்றைய மாலி நாட்டுக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 'பிரெஞ்சு சூடான்' என்று பெயர். பிரான்ஸிலிருந்து வரும் பழைய சேகரிப்பில் 'சூடான்' என்று எழுதியிருந்தால் அது நைல் கரையாக இல்லாமல் மேற்கு ஆப்பிரிக்காவாக இருக்கலாம். அதனால்தான் மதிப்பீட்டுக்கு வரும் பொருளின் சீட்டை நான் கடைசியில் படிக்கிறேன்.

அலகையும் உடனே நம்புவதில்லை. சூடானின் நீள வாளான கஸ்காராவுக்கு ஜெர்மனியின் ஸோலிங்கன் முதலிய ஐரோப்பிய ஊர்களிலிருந்து அலகுகள் வந்தன. அவை முறிந்தால் மிஞ்சிய துண்டைத் தீட்டிக் குறுவாளாக்கிக்கொண்டார்கள். அலகின் நடுப்பள்ளங்கள் நுனிவரை ஓடி, விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றால் அந்த ஐயம் எழ வேண்டும். ஆக, அலகில் ஐரோப்பிய முத்திரை இருந்தாலும் கத்தி சூடானியதாகவே இருக்க முடியும்.

ஊரைச் சொல்வது பெரும்பாலும் கைப்பிடியும் உறையும்தான். சூடானின் கைக்கத்தியை முழங்கைக்கு மேலே, இடது புயத்தில் கட்டுவார்கள். உறையில் அதற்கென்றே பின்னிய தோல் வளையம் இருக்கும். கைப்பிடி கருமையான மரத்தில் கடைந்து, இடை சிறுத்திருக்கும். மாலி, நைஜர் பக்கத்துத் துவாரெக் மக்களும் கையில்தான் கட்டுகிறார்கள். ஆனால் தெலெக் எனப்படும் அவர்களுடைய கத்தி முன்கையில் இருக்கும். கைப்பிடி சிலுவை வடிவம். வளையம் இருக்கிறதே என்று மட்டும் பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கிழக்கே செங்கடல் மலைகளில் வாழும் பெஜா மக்களின் கத்தி வேறு இனம்: இருபுறமும் கூரான, நன்கு வளைந்த அலகு; எக்ஸ் எழுத்துபோல் விரிந்த மரக் கைப்பிடி. ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தவர் மறக்க மாட்டார். உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் விற்கும் வழக்கம் எனக்குப் பெரிய வருத்தம் தருகிறது. பிரித்த அன்றே பாதிச் சான்று போய்விடுகிறது.

அலகு முழுவதும் துலுத் என்னும் அலங்கார பாணி அரபு எழுத்தை அமிலத்தால் அரித்திருந்தால், விற்பவர் உடனே "மஹ்தி காலம்" என்பார். மஹ்தி என்ற சமயத் தலைவர் சூடானில் நிறுவிய அந்த ஆட்சி 1898 செப்டம்பர் 2 அன்று, கார்ட்டூம் அருகே நடந்த ஓம்துர்மான் போரில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதன்பின் வந்த ஆங்கிலேயருக்கு நினைவுப்பொருளாக விற்கவும் இதே பாணியில் செய்தார்கள். உறையின் முதலைத் தோல் கொஞ்சமும் தேயாமல், கைப்பிடியில் கைபட்ட மழுக்கமே இல்லாமல் இருந்தால் நான் நினைவுப்பொருள் பக்கமே சாய்வேன்.

1885இல் சூடானின் செங்கடல் துறைமுகமான சுவாகினில் ஆங்கிலேயர் நடத்திய படையெடுப்பில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற சென்னை மாகாணப் பொறியியல் படையினரும் இருந்தார்கள். எனவே நம் பக்கத்துப் பழைய ராணுவக் குடும்பமொன்றில் பெஜா கத்தி கிடைத்தால் வியப்பில்லை. அப்படி இருந்தால் தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அரித்த எழுத்து மிக மேலோட்டமானது. உப்புத்தாள் பட்டால் மறைந்துவிடும். உறைக்கு எண்ணெய் தடவவும் வேண்டாம். உறையோடும் உறையில்லாமலும், இரு பக்கமும் படமெடுத்து, குடும்பத்தில் சொல்லப்படும் கதையை எழுதி உடன் வையுங்கள். கைப்பிடியில் தந்தம் இருந்தால், அது ஆப்பிரிக்க யானையுடையதானாலும் இந்தியாவில் விற்பது சட்டப்படி குற்றம்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 ஏப்ரலில் போர் தொடங்கியபின் கார்ட்டூமின் சூடான் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சூடான் கலைப்பொருள்களை வாங்குவதைத் தவிர்க்கும்படி 2024 செப்டம்பரில் யுனெஸ்கோ பொதுமக்களையும் வணிகர்களையும் கேட்டுக்கொண்டது. பொருள் போருக்கு முன்பே நாட்டைவிட்டு வந்தது என்பதற்குப் பழைய ரசீதோ, ஏலப் பட்டியலோ, தேதியுள்ள புகைப்படமோ கேளுங்கள். எதுவும் இல்லாத பொருளுக்கு நான் மதிப்பீடு எழுதித் தருவதில்லை.