ஐந்தில் வளையாத மூளை ஐம்பதில் வளைகிறதா?

"ஐம்பத்தைந்து வயதாகிறது. பஸ் போர்டு வாசிப்பேன், கதைப் புத்தகம் எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம். இனிமேல் வாசிப்பு பிடிக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பிடிக்கும். தூக்கத்துக்குக் காரணம் வயதல்ல.

கண் வரியில் வழுக்கிப் போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் விநாடி. பழகியவருக்கு ஒரு நிறுத்தத்தில் ஒரு சொல் கிடைத்துவிடும். பழகாதவர் எழுத்துக் கூட்டுவார். உடனடி நினைவில் நாலைந்து துண்டுகள்தான் சில விநாடிகள் நிற்கும். ஆகவே வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் போய்விடும். கதையே உருவாகாதபோது ருசி எங்கிருந்து வரும்?

எழுத்து தோன்றி 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று பிறவியிலேயே மூளையில் இடம் கிடையாது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் இடப்பக்கப் பின்பகுதியில், பயிற்சிதான் எழுத்துக்கு ஒரு மூலையைப் பிடித்துத் தருகிறது. பிரெஞ்சு மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழு 2010-இல் போர்ச்சுகல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பேரின் மூளையை ஸ்கேன் செய்தது. அவர்களில் 22 பேர் பெரியவர்களான பிறகே எழுத்துக் கற்றவர்கள். எழுத்தைக் காட்டியதும் அவர்களுக்கும் அதே மூலை விழித்துக்கொண்டது! லக்னோ அருகே கிராமத்துப் பெரியவர்கள் ஆறு மாதம் இந்தி எழுத்தான தேவநாகரி படித்ததில், மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ், மூளைத்தண்டு வரை மாற்றம் தெரிந்தது. 2017-இல் வெளியான ஆய்வு இது. "ஐந்தில் வளையாதது" பழமொழியை இந்த விஷயத்தில் இனியாவது விட்டுவிடலாம். நீண்ட ஒட்டுச்சொற்கள் நிறைந்த தமிழுக்கு இத்தகைய ஆய்வுகள் நிறைய வேண்டும். முதியோர் கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் கண் பரிசோதனை. 40 செ.மீ. தூரத்தில் படிக்க கண்ணுக்கு 2.5 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) குவிக்கும் திறன் தேவை. ஐம்பதுக்கு மேல் கண்வில்லை இறுகி அது குறைந்திருக்கும். பெரும்பாலும் +1.50 முதல் +2.00 வரை கண்ணாடி தேவைப்படும். கடைவீதிக் கண்ணாடி சிலிண்டர் பவரையும் (கருவிழியின் சமமற்ற வளைவால் வரும் மங்கல்) கண்புரையையும் சரிசெய்யாது. விளக்கு பக்கவாட்டிலிருந்து தாளில் விழட்டும்.

14 புள்ளிக்கு (பாயிண்ட், அச்செழுத்தின் அளவு) குறையாத எழுத்தில், ஏற்கெனவே தெரிந்த கதையாக எடுங்கள். ஒரே பக்கத்தை மூன்று முறை படியுங்கள்: முதலில் வாய்விட்டு, பிறகு மனதுக்குள், கடைசியில் கதைக்காக. தினம் 15 நிமிடம் போதும். பலர் தவறுவது வரி திரும்பும் இடத்தில். கண் ஒரு வரி தாண்டி விழுந்துவிடும். விரலையோ ஸ்கேலையோ வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் முறையும் எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். இன்னும் சின்னச் சொற்கள் உள்ளதை எடுங்கள்.