சும்மா இருக்கும் இணைப்பு

ராமேஸ்வரம் ஜெட்டியை விட்டு விசைப்படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கைப்பேசியில் நம் டவர் மங்கத் தொடங்கும். அரிச்சல்முனைக்கு அப்பால் சில வேளை இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்ளும். வரவேற்புக் குறுஞ்செய்திகூட வரும். அதையும் கடந்தால் ஒன்றுமில்லை. இரவு முழுவதும் வலை இழுத்துவிட்டு மறுநாள் கரையை நெருங்கும்போதுதான் கைப்பேசிக்கு மறுபடி உயிர் வரும். இந்த இடைவெளியில், அந்தக் கைப்பேசியோடு பேசிக்கொண்டிருந்த சர்வரின் நிலை என்ன? இணைப்பு அப்படியே இருக்கிறது என்றே அது நம்பிக்கொண்டிருக்கும்.

காரணம் எளியது. இணையத்தில் இரு கணினிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் விதிமுறைக்கு டிசிபி என்று பெயர். டிசிபி இணைப்பு என்பது கம்பி அல்ல. இரு முனைகளிலும் உள்ள கர்னல்கள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிகள், தத்தம் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் சில எண்களே இணைப்பு: இரு முகவரிகள், இரு போர்ட்டுகள், எந்த பைட்டு வரை அனுப்பியாயிற்று, எது வரை ரசீது வந்தது, சில கடிகாரங்கள். நடுவில் கடல் வந்தாலும் அந்த எண்கள் தாமாக அழிவதில்லை. அனுப்பிய தகவலுக்கு ரசீது வரவில்லை என்றால், லினக்ஸ் இயங்குதளம் வழக்கமாக 15 முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிக்கும், 120 விநாடிதான் உச்சம். கைவிடக் கால் மணி நேரத்துக்கும் மேலாகும். அனுப்ப எதுவும் இல்லையென்றால் அந்தக் கணக்கும் கிடையாது. 'ஆள் இருக்கிறாரா' என்று விசாரிக்கும்படி செயலி கேட்டிருந்தால் 2 மணி நேரம் கழித்து முதல் விசாரிப்பு போகும். கேட்டிருக்காவிட்டால் எதுவும் போகாது. இதற்குள் கைப்பேசி இலங்கை டவருக்கு மாறிப் புது முகவரி பெற்றிருந்தால், பழைய இணைப்பு செத்தது செத்ததுதான். சர்வருக்கு மட்டும் அது தெரியாது.

இந்த எண்களைக் கையாளும் முறையை நாமே எழுதலாம். லினக்ஸ் கர்னல் 2005 முதல் அதற்கு இடம் கொடுக்கிறது. முழு டிசிபியையும் எழுத வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பாக்கெட்டுகளை (தகவலின் சிறு துண்டுகளை) ரசீதுக்குக் காத்திராமல் அனுப்பலாம் என்று தீர்மானிக்கும் பகுதியை மட்டும் தனி மாட்யூலாக எழுதிச் சொருகினால் போதும். அந்த எண்ணிக்கைக்கு நெரிசல் சாளரம் என்று பெயர். அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1986 அக்டோபரே சாட்சி. அமெரிக்காவின் பெர்க்லியில் ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. எல்லாரும் அளவின்றி அனுப்பியதும், தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பியதுமே காரணம். வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். லினக்ஸில் 2006 முதல் இயல்பாக இருப்பது கியூபிக் என்ற முறை. கூகுள் உருவாக்கிய பிபிஆர் என்ற இன்னொரு முறை 2016-இல் சேர்ந்தது.

எழுதுவது ஒரு வாரத்து வேலை என்றால் சோதிப்பது பல மாத வேலை. கர்னலுக்குள் ஓடும் நிரலுக்குப் பாதுகாப்பு வலை கிடையாது. பூஜ்ஜியத்தால் ஒரு முறை வகுத்தாலே இயந்திரம் படுத்துவிடும். நெரிசல் சாளரம் பூஜ்ஜியமாகிவிடும் பிழைகள் அடிக்கடி வந்ததால், அப்படி நேர்ந்தால் உடனே எச்சரிக்கும் சரிபார்ப்பை 2022-இல் கர்னலிலேயே சேர்த்தார்கள். ஆகவே முதல் சோதனை எப்போதும் மெய்நிகர் இயந்திரத்தில்தான், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினியில்தான்.

அடுத்து, கெட்ட பாதை வேண்டும். அதற்காகக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. லினக்ஸில் உள்ள நெட்எம் என்ற கருவியிடம் 'ஒவ்வொரு பாக்கெட்டையும் 100 மில்லி விநாடி தாமதப்படுத்து, நூற்றுக்கு 2 பாக்கெட்டைத் தொலை' என்று சொன்னால் செய்துவிடும். ஒரே மடிக்கணினிக்குள் தனித்தனி வலையமைப்பு அறைகளை உருவாக்கி, மெய்நிகர் கம்பியால் இணைத்து, ஒன்றைக் கைப்பேசியாகவும் மற்றொன்றைச் சர்வராகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு அறை போதும் என்று தோன்றும். மூன்று வேண்டும். அனுப்பும் கணினியிலேயே நெட்எம்மை மாட்டினால், பாக்கெட் தொலைந்த செய்தி உள்ளுக்குள்ளேயே டிசிபிக்குத் தெரிந்துவிடும்; அதுவும் எதுவுமே தொலையாதது போல உடனே திரும்ப அனுப்பிவிடும். பிறகு வரைபடத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். தொலைக்கும் வேலையை நடுவில் உள்ள மூன்றாவது அறை செய்தால்தான் சோதனை நியாயமானது.

இன்னொரு பொறியும் உண்டு. வேகத்துக்காகக் கர்னல் பல பாக்கெட்டுகளைச் சேர்த்து 64 கிலோபைட் வரை ஒரே பொதியாக மெய்நிகர் கம்பியில் தள்ளும். நெட்எம் தொலைப்பது அந்த முழுப் பொதியை. நூற்றுக்கு 2 என்று நாம் சொன்னதற்குப் பொருளே மாறிவிடும். இந்தச் சேர்ப்பை அணைத்துவிட்டு அளப்பதே முறை. படகின் கைப்பேசியைப் போலிசெய்ய வேண்டுமானால் இதுவும் போதாது. அலையில் படகு ஆடும்போது இழப்பு சீராகச் சிதறி வருவதில்லை, கொத்தாக வருகிறது. நல்ல நிலை, கெட்ட நிலை என்று இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் நிகழ்தகவைத் தரும் கில்பர்ட்-எலியட் மாதிரி இதற்குப் பொருந்தும். நெட்எம்மில் அதுவும் இருக்கிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். இழப்பு இவ்வளவு, வேகம் இவ்வளவு, கியூபிக்கை விட நாங்கள் மேல் என்று ஒரு வரைபடம் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இழப்பைச் சோதிப்பது எளிது. மௌனத்தைச் சோதிப்பதுதான் கடினம், பிழைகள் குடியிருப்பதும் அங்கேதான்.

கியூபிக்கின் கதையே அதற்குச் சான்று. கடைசியாக நெரிசல் ஏற்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதை வைத்து அது சாளரத்தை வளர்க்கும். நேரத்தின் முப்படி வளைவில் வளர்வதால்தான் அந்தப் பெயர். கர்னலுக்குள் தசம எண் கணக்கு கூடாது என்பதால் கனமூலத்தை முழு எண்ணிலேயே கண்டுபிடிக்கும் ஒரு சின்ன அட்டவணை அந்த நிரலில் இருக்கிறது, ரசித்துப் படிக்கலாம். ஆனால் செயலி எதுவும் அனுப்பாமல் சும்மா இருந்த நேரத்தையும் அது வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளையும் கடலுக்குப் போன நாளாகச் சொல்லிப் பங்கு கேட்பதைப் போன்றது இது. சில விநாடி மௌனத்துக்குப் பிறகு பேச்சு தொடங்கினால் சாளரம் அபாயகரமாக வீங்கும். மௌனத்துக்குப் பின் சாளரத்தைச் சுருக்கும் இயல்பான அமைப்பை அணைத்து வைத்திருந்த சர்வர்களில் இது பளிச்சென்று தெரிந்தது.

பிழையைக் கவனித்தவர் ஜனா அய்யங்கார். ஆண்டு 2015. கியூபிக் கர்னலுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நேரக்கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கலாம் என்று அவர் முதலில் நினைத்தார். அப்படிச் செய்தால் இழப்புக்குப் பின் வரும் செங்குத்தான வளர்ச்சி மறுபடி வந்துவிடும் என்று நீல் கார்ட்வெல் சுட்டிக்காட்டினார். கடைசியில், சும்மா இருந்த நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கு வளைவின் தொடக்கத்தை அப்படியே தள்ளி வைப்பது என்று முடிவாகி, எரிக் டுமாசே திருத்தத்தை எழுதினார்.

திருத்தத்திலும் ஒரு பிழை. அந்தத் தொடக்க நேரத்தை வழக்கமாகக் குறிப்பது ரசீது வரும்போது; புதிய திருத்தமோ அதை அனுப்பும்போது நகர்த்தியது. இந்தச் சிறு வித்தியாசத்தில் சில வேளை தொடக்க நேரம் 'எதிர்காலத்துக்கு' போய்விடும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் வரும். குறியில்லாத எண்ணாகப் படித்தால் 32 பிட்டில் மைனஸ் ஒன்று என்பது 429 கோடிக்கும் மேல்! சாளரம் மறுபடி வீங்கும். இதைக் கண்டுபிடித்தது நீல் எழுதிய ஒரு பேக்கெட்டிரில் சோதனை. பேக்கெட்டிரில் என்பது கூகுள் 2013-இல் வெளியிட்ட கருவி. இந்த நொடியில் இந்தப் பாக்கெட் உள்ளே வரும், அதற்குக் கர்னல் இந்த நொடியில் இப்படிப் பதில் தர வேண்டும் என்று வரிவரியாக எழுதினால், உண்மையான கர்னலோடு ஒப்பிட்டுச் சொல்லும். அந்தச் சோதனை சில முறை தேறியது, சில முறை தோற்றது. அதை அவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை.

நேரம்தான் எதிரி என்பது கர்னல்காரர்களுக்குப் பழகிய விஷயம். நேரத்தை அளக்க லினக்ஸ் வைத்திருக்கும் துடிப்பு எண்ணி பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை, நிரம்பி வழிய 5 நிமிடம் இருக்கும் இடத்தில் தொடங்குகிறது. விநாடிக்கு 1000 துடிப்பு என்றால் 32 பிட் எண்ணி நிரம்ப ஏறத்தாழ 50 நாளாகும். அதற்குள் சோதனை செய்பவர் கணினியை அணைத்திருப்பார், பிழை வாடிக்கையாளரின் சர்வரில்தான் வெடிக்கும். முதல் 5 நிமிடத்திலேயே வழிய விட்டால் பிழை எழுதியவரின் மேசையிலேயே தெரிந்துவிடும். சோதனைகளிலேயே நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு வரி நிரலைத்தான்.

2 மணி நேர மௌனத்தைச் சோதிக்க உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. அந்த அளவைச் சில விநாடியாகக் குறைக்கும் அமைப்பு கர்னலில் உண்டு. எண்ணை மாற்றக் கூடாது என்றால், கர்னலைச் சாதாரண நிரலாகவே ஓட்டும் யூசர் மோட் லினக்ஸில் காலப்பயண முறை இருக்கிறது. செய்ய வேலை இல்லாத நேரத்தைக் கடிகாரம் ஒரே தாவலில் கடந்துவிடும். படகின் ஒரு ராத்திரி கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும்.

பேக்கெட்டிரில் சோதனைகள் 2024 முதல் கர்னல் மூல நிரலோடு சேர்ந்தே வருகின்றன. சொந்த மாட்யூலுக்கு எழுதத் தொடங்குகிறவர்களுக்கு அவையே நல்ல முன்மாதிரி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெதுவான இயந்திரம் என்று குறித்து ஓட்டினால், அங்கே தோற்கும் சோதனையை 'எதிர்பார்த்த தோல்வி' என்று மன்னித்துவிடுவார்கள். நேரம் பிசகும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் 2015-இல் அந்தத் தள்ளாடும் சோதனையையும் இப்படி மன்னித்திருந்தால் இரண்டாவது பிழை உள்ளேயே தங்கியிருக்கும். அதனால் அப்படி மன்னிக்கப்பட்ட சோதனைகளின் பட்டியலையும் நான் திறந்து படித்துவிடுவது வழக்கம்.