இரவில் தீர்மானமாகும் காய்: கோலாலம்பூர் வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் பீன்ஸ்

செந்தூலில் எங்கள் தரை வீட்டின் முன்புறச் சுவரை ஒட்டி ஆறு பூச்சட்டிகளில் முதன்முறையாக மஞ்சள் பீன்ஸ் விதைத்தபோது, செடிகள் முழங்கால் உயரத்திற்குத் தழைத்து, ஐந்தாவது வாரத்தில் வெண்ணிறப் பூக்களைத் தாராளமாக விட்டன. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் சிமெண்டுத் தரையில் அந்தப் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், காம்பின் நுனி கிழிந்திருக்கவில்லை. கத்தியால் நறுக்கியதைப் போல வழவழப்பாக இருந்தது. காற்றோ மழையோ பறித்த பூ அப்படி இருக்காது. செடி தானே ஒரு பிரிபடலத்தை உருவாக்கி, தனக்கு வேண்டாம் என்று கழித்த பூ அது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "வண்டு வரல தங்கச்சி, அதான் காய் பிடிக்கல" என்றார். அது நியாயமான ஊகம்தான். பூசணிக்கும் பீர்க்கைக்கும் மிகவும் பொருந்தும். பீன்ஸுக்குப் பொருந்தாது.

பீன்ஸ் பூவைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். வெளியே அகன்று நிற்பது கொடியிதழ். இரு பக்கமும் இருப்பவை சிறகிதழ்கள். நடுவில் படகிதழ்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, நத்தை ஓட்டைப் போல ஒரு சுருளாக முறுக்கிக் கிடக்கும். அந்தச் சுருளுக்குள்தான் பத்து மகரந்தத் தாள்களும், மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனியான சூல்முடியும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பூ காலையில் விரிவதற்கு முந்தைய மாலை நேரத்திலேயே மகரந்தப்பைகள் வெடித்து, தூள் அருகிலுள்ள சூல்முடியின் மீது விழுந்துவிடுகிறது. தேனீ வந்து சேர்வதற்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிட்டிருக்கும். ஆகவே கோலாலம்பூரில் பூ உதிர்வதற்கான காரணத்தைப் பூவுக்கு வெளியே அல்ல, அந்த மகரந்தத்தின் தரத்தில்தான் தேட வேண்டும்.

மகரந்தம் பூ விரியும் நாளில் உருவாவதில்லை. ஏறக்குறைய பத்து நாட்களுக்கு முன்பு, மொட்டு மிளகளவுகூட இல்லாத நிலையில், மகரந்தப்பைக்குள் செல்கள் பிரிந்து மகரந்தத் துகள்களாகின்றன. அத்துகள்களுக்கு உணவு ஊட்டுவதற்கென்றே மகரந்தப்பையின் உட்சுவரில் ஓர் ஊட்டும் படலம் இருக்கிறது. வெப்பம் மிகும்போது அப்படலம் உரிய காலத்திற்கு முன்பே சிதைகிறது. துகள்கள் மாவுச்சத்தின்றிச் சுருங்கிப் போகின்றன. அவை சூல்முடியின் மீது விழுந்தாலும் முளைக்கும் திறனற்றவை. கருவுறாத பூவை வைத்துக்கொள்வதில் செடிக்குப் பயன் இல்லையாதலால் அதைக் கழற்றிவிடுகிறது. பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது இந்தச் சேதம் தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்கத் தவறுவது இரவைத்தான். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் ஏற ஏற, பீன்ஸில் காய்ப்பிடிப்பு குறைந்துகொண்டே போகிறது. கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட வெப்பமானி பெரும்பாலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பகலில் சேர்த்த சர்க்கரையை வெப்பமான இரவில் செடி சுவாசித்தே செலவழித்துவிடுகிறது என்பதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

சௌகிட் சந்தையிலும் புடுவிலும் நாம் வாங்கும் பீன்ஸில் பெரும்பகுதி கேமரன் மலையிலிருந்து இறங்கி வருவதற்குக் காரணம் இதுதான். ஆயிரம் மீட்டர் உயரத்திற்குச் சுமார் ஆறரை டிகிரி என்ற கணக்கில் காற்று குளிர்வதால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தத் தோட்டங்களில் நம்மைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்த இரவு கிடைக்கிறது. பீன்ஸின் பூர்விகமும் மேட்டு நிலங்களே: மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலும் ஆண்டிஸ் மலைத்தொடரிலும் மனிதர்கள் அதைத் தனித்தனியே பயிராக்கினார்கள். நம் வேலியில் கவலையின்றிக் காய்த்துத் தொங்கும் நீளப் பயற்றங்காயோ ஆப்பிரிக்காவில் தோன்றிய காராமணியின் இனம். வெப்பம் அதற்குப் பழகிப்போனது. இரண்டையும் ஒரே கூடையில் வைத்து ஒரே முறையில் வளர்க்க முயல்வதுதான் வீட்டுத் தோட்டக்காரர்கள் செய்யும் முதல் தவறு.

அப்படியானால் சமவெளியில் மஞ்சள் பீன்ஸை மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு வீட்டின் வளாகத்திற்குள்ளேயே இரவு வெப்பம் இடத்திற்கு இடம் மாறுகிறது. முன்புறச் சுவரின் மீது இரவு பத்து மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு அப்போதும் இருந்தது. பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய செங்கல்லும் சிமெண்டும் இரவில் அந்த வெப்பத்தை அருகிலிருக்கும் மொட்டுகளின் மீதுதான் வீசுகின்றன. அடுத்த முறை சட்டிகளைச் சுவரிலிருந்து விலக்கி, புல்தரையின் மீது, தலைக்கு மேல் கூரை இல்லாத இடத்தில் வைத்தேன். மறைப்பற்ற வானத்தை நோக்கி இலைகள் வெப்பத்தை இழக்க முடியும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்து, பிற்பகலில் நிழல் விழும் இடமாகவும் அது அமைந்தது. காய்ப்பு கேமரன் மலையைப் போல அமையவில்லை. ஆனாலும் கிண்ணம் நிறையப் பறிக்க முடிந்தது. பூக்கும் பருவம் டிசம்பர், ஜனவரியில் வருமாறு நவம்பரில் விதைப்பது இன்னும் நல்லது. ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்தில் பூக்கவிடுவது வீண் உழைப்பு. குத்துவகை பீன்ஸ் பெரும்பாலும் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், ஆண்டு முழுதும் ஏறக்குறைய 12 மணி நேரமாக இருக்கும் நம் பகல் அதற்குத் தடையாகாது.

விதைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தைப் பீன்ஸில் கைவிட வேண்டும். மெல்லிய தோலுடைய வெள்ளை விதைகள் நீரை மிக வேகமாக உறிஞ்சும்போது உள்ளே பருப்பிலைகள் விரிசலிட்டு, சத்து வெளியே கசிந்து, பூஞ்சைக்கு விருந்தாகிவிடுகின்றன. ஈரமான மண்ணில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்றினால் ஒரு வாரத்திற்குள் முளை வரும். தண்டு கொக்கியைப் போல வளைந்து மேலே வந்து, தடித்த இரு பருப்பிலைகளையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு எழும். மேல்மண் இறுகியிருந்தால் அந்தக் கழுத்து ஒடிந்துபோகும். அதனால்தான் பெருமழை அடித்து மண்ணை இறுக்காமல் மேலே காய்ந்த புல்லையோ தென்னை நார்த்தூளையோ மெல்லியதாகப் பரப்புகிறோம். நம் செம்மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை உடையது. விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்பு கலப்பது நல்லது.

அவரைக் குடும்பம் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், ஏனெனில் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தில் பீன்ஸ் இந்த வேலையில் சற்றுப் பின்தங்கியது. தொடக்கத்தில் மக்கிய உரம் தேவை. அதே சமயம் யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மட்டுமே கிடைக்கும்.

இனி நிறத்திற்கு வருவோம். ஆங்கிலத்தில் இதை 'மெழுகு பீன்ஸ்' என்ற பொருளில் அழைப்பதால் காயின் மேல் மெழுகு பூசியிருக்கிறது என்று எண்ண வேண்டாம்; மெழுகின் மஞ்சள் சாயலே அந்தப் பெயருக்குக் காரணம். இது பச்சை பீன்ஸின் அதே இனம். காயில் மட்டும் பச்சையம் சேராதபடி செய்யும் ஓர் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இரு வழியிலும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பு) இதற்கு உண்டு. இலைகள் வழக்கம்போலப் பச்சையாகவே இருக்கின்றன. பச்சையம் விலகியதும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மஞ்சளாக இருப்பதால் இதில் பீட்டா கரோட்டின் அதிகம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிலைமை நேர்மாறானது. பச்சையமும் கரோட்டினும் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் என்ற ஒரே நுண்ணுறுப்புக்குள் அடுத்தடுத்து வாழ்பவை. அந்த வீடு சுருங்கும்போது இரண்டுமே குறைகின்றன. பச்சை பீன்ஸில்தான் பீட்டா கரோட்டின் கூடுதல்.

சமையலில் மஞ்சளுக்கு ஒரு சிறப்பு உண்டு. பச்சை பீன்ஸைப் புளிக்குழம்பில் போட்டால், புளியின் அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிட, காய் பாசி நிறமாக மங்கிப் போகிறது. இழப்பதற்குப் பச்சையமே இல்லாத மஞ்சள் பீன்ஸ், குழம்பிலும் தேங்காய்ப்பூ தூவிய பொரியலிலும் தன் நிறத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்கிறது. பச்சையாகக் கடித்துத் தின்பதைத் தவிர்த்து, நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்; பீன்ஸில், குறிப்பாக முற்றிய விதையில், வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, கொதிக்கும் வெப்பமே அதை அழிக்கும்.

பறிப்பதற்கான அடையாளத்தை நிறமே காட்டுகிறது. பிஞ்சு முதலில் வெளிர்பச்சை கலந்து இருக்கும். முனைவரை மஞ்சளாகி, பென்சில் பருமனில், உள்ளே விதை புடைக்காமல் இருக்கும் நாளே சரியான நாள். விதைத்து 50 முதல் 60 நாட்களில், பூ விரிந்து இரண்டு வாரத்திற்குள், அது வரும். ஒரு காயை வளைத்துப் பாருங்கள்: செல்கள் நீரால் விம்மி நிற்கும் காலையில் அது 'டப்' என்று ஒடியும், பிற்பகல் வெயிலில் வாடிய பிறகு அதே காய் ரப்பரைப் போல வளையும். பாட்டி காலத்தில் ஒவ்வொரு காயின் ஓரத்திலும் நார் உரிக்க வேண்டியிருந்தது. 1890களில் அமெரிக்காவின் கால்வின் கீனி நாரற்ற வகைகளைத் தேர்ந்தெடுத்துப் பரப்பிய பிறகே அந்த வேலை குறைந்தது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிக்க வேண்டும், ஏனெனில் வேர் ஆழமற்றது, கிளையும் எளிதில் முறியும். இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் கை விட வேண்டாம். நோய்க்கிருமிகள் விரல் வழியே செடிவிட்டுச் செடி தாவும். ஆகவே பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிப்பதே முறை. ஒரு காயை முற்றவிட்டாலும் அதன் விதைகள் செடியின் உணவைத் தம் பக்கம் இழுத்து, புதிய பூக்களை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையை அனுப்புகின்றன.

அதனால் நான் விதைக்கென்று ஒரே ஒரு செடியைத் தனியே ஒதுக்கி, அதன் காய்களை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறேன். தன்மகரந்தச் சேர்க்கை என்பதால், அருகில் வேறு பீன்ஸ் இருந்தாலும் பெரும்பாலும் தாய்ச்செடியின் குணமே விதையில் வரும். நம் ஊரின் ஈரக்காற்றில் நெற்று செடியிலேயே பூசணம் பிடித்துவிடக்கூடும். ஆகவே காய் காகிதம்போல வெளுக்கத் தொடங்கியதும் செடியோடு பிடுங்கி, மழை படாத கூரைக்கடியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத அளவுக்கு விதை இறுகிய பிறகே அது கண்ணாடிப் புட்டிக்குள் போகிறது.