கூகுளைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரையாதீர்கள்

ஜிஐஎஸ் (புவியியல் தகவல்) துறையில் வேலை என்பதால், யார் வேண்டுமானாலும் வரையலாம், பயன்படுத்தலாம் என்ற திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் ஊர்ப்பக்கம் புதிதாக வரைகிறவர்களின் திருத்தங்களை அவ்வப்போது பார்ப்பேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கும் கட்டத்தில் "கூகுள் மேப்ஸ்" என்று வெள்ளந்தியாக எழுதிவைத்திருப்பார்கள், அதைப் பார்த்ததும் பகீரென்றிருக்கும்.

தெருப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெயர் என்பது வெறும் தகவல், அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை நீங்கள் தெருமுனைப் பலகையில் பார்த்து எழுதினீர்களா, இன்னொருவர் காசு செலவழித்துத் திரட்டிய தொகுப்பிலிருந்து எடுத்தீர்களா என்பதில்தான் சிக்கல். நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தையும் கலைப்படைப்பாகவே கருதுகிறது. ஐரோப்பாவில் தரவுத்தளத்துக்கே தனி உரிமை உண்டு. போதாததற்கு கூகுளின் பயன்பாட்டு விதிகள் வேறு. தெருக்களைப் படமாகக் காட்டும் அதன் ஸ்ட்ரீட் வியூவுக்கும் இதே கதைதான்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களை நகலெடுத்த விவகாரத்தில், வாகன ஓட்டிகளுக்கான ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2001-இல் 2 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. சாலைகளை எவ்வளவு அகலமாக வரைவது என்பது போன்ற சின்னச் சின்ன நுணுக்கங்களே அங்கே காட்டிக்கொடுத்தன. நம்மூரில் அவ்வளவு நுணுக்கம்கூடத் தேவையில்லை, எழுத்துப்பிழையே போதும். குளத்தின் வடகரையில் இருக்கிற அம்மன் கோயிலை ஒரு வணிக வரைபடம் தென்கரையில் போட்டு, பெயரிலும் ஓர் எழுத்தை விட்டிருந்தது. சில நாளில் அதே கோயில், அதே தென்கரையில், அதே எழுத்தில்லாமல் திறந்த வரைபடத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது. நேரில் போனவர் யாரும் அப்படி எழுத வாய்ப்பே இல்லை.

அப்படியானால் பிங் செயற்கைக்கோள் படத்தின் மேல் மட்டும் வரையலாமா? வரையலாம், ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் 2010-லேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. இணையத்தில் இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. அரசுத் தளங்களில் கிடைக்கும் புலப்படம், மனைப்பிரிவு வரைபடம் எல்லாம் பொதுச்சொத்து என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது தவறு. அரசுப் படைப்புக்கும் இங்கே 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. திறந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தாலும், அந்த உரிமம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓடிபிஎல் உரிமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கைவைக்க வேண்டும். வீட்டுமனை விற்கிறவர்கள் தரும் பளபள நோட்டீஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது வெறும் வீண்பயம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2012-இல் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உரிமம் மாறியபோது, புது நிபந்தனைக்குச் சம்மதிக்காதவர்கள் வரைந்ததையெல்லாம் இந்தத் திட்டமே நீக்கியது. முறையாக வரைந்ததையே அனுமதி இல்லையென்றால் வைத்துக்கொள்ளாதவர்கள், நகலெடுத்ததையா விட்டுவைப்பார்கள்?

சரி, வேறு என்னதான் செய்வது? நடங்கள். ஜிபிஎஸ் பதிவை ஓடவிடுங்கள், பெயர்ப்பலகையைப் படமெடுங்கள், ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி கேட்கிற கேள்விகளுக்கு அங்கேயே நின்று பதில் சொல்லுங்கள். பலகை இல்லாத தெருவென்றால் டீக்கடையில் விசாரியுங்கள், இப்போதைய பெயரோடு பழைய பெயரும், அது ஏன் மாறியது என்ற வம்பும் சேர்ந்தே கிடைக்கும் (வம்பை வரைபடத்தில் ஏற்ற வேண்டாம்). அதேசமயம், பேருந்து நிலையத்தில் மாட்டியிருக்கும் ஊர் வரைபடத்தைப் படமெடுத்து வந்து வரைவது மட்டும் கூடாது, அதுவும் யாரோ ஒருவரின் படைப்பு.

ஏற்கெனவே நகலெடுத்துவிட்டவர்கள் நீங்களாகவே அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும், அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுப் பணிக்குழுவால்தான் மறைக்க முடியும். எந்த மாற்றத்தொகுப்பு (ஒன்றாகச் சேமித்த திருத்தங்கள்), எதைப் பார்த்து வரைந்தது என்று எண்ணோடு குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதுங்கள்.