அடியில் உள்ள வரிகளை வெட்டாதீர்கள்: டச்சு உருவக அச்சுப்படங்களைப் படிக்கும் முறை

பழைய டச்சு அச்சுப்படம் படச்சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அடியிலுள்ள எழுத்தை வெட்டிவிடும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. உருவகப் படத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. மேலே தலைப்பு வரி, நடுவில் படம், கீழே செய்யுள். மூன்றும் சேர்ந்தால்தான் பொருள். டச்சுக் கவிஞரும் செதுக்கோவியருமான யான் லாய்கன் 1711-இல் வெளியிட்ட தொகுப்பு வீட்டுச் சாமான்களை வைத்தே இறைவழி பேசுகிறது. செய்யுள் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது தட்டுமுட்டுச் சாமான்தான்.

சின்னங்களுக்கு அகராதி உண்டு. எந்தச் சின்னத்துக்கு என்ன பொருள் என்று சொல்லும் சேசரே ரீப்பாவின் இத்தாலிய நூல் 1644-லேயே ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் வந்துவிட்டது. ஆனால் அகராதி மட்டும் போதாது. நீர்க்குமிழி என்றால் நிலையாமை. நமக்கும் அது பழகிய உவமை. 1720-இல் பங்குப் பித்து தலைக்கேறியபோது அதே குமிழி கம்பெனிப் பங்காக மாறியது. அந்த வியாபாரத்துக்கு டச்சுக்காரர் வைத்த பெயரே ‘காற்று வாணிபம்’.

அவ்வாண்டு பெர்னார் பிக்கார் செதுக்கிய படத்தைப் பாருங்கள். தேரில் அதிர்ஷ்ட தேவி, ஓட்டுவது மடமை. தேரை இழுப்பவை கம்பெனிகள். அவற்றுள் பிரான்சின் மிசிசிப்பி கம்பெனிக்கு ஒரு கால் மரக்கால். சக்கரத்தின் ஆரக்கால்களைச் சுழற்றும் தரகர்களுக்கு நரிவால். நேர்மையான வணிகம் கணக்குப் புத்தகங்களோடு சக்கரத்தடியில் நசுங்குகிறது. மேகத்தில் சாத்தான் குமிழி ஊதுகிறான். முதலில் தேர், பிறகு கூட்டம், கடைசியில் பின்னணி என்று பாருங்கள். கூட்டம் போய்ச் சேரும் வாசல்கள் பின்னால் சிறிதாக இருக்கின்றன: மருத்துவமனை, பைத்தியக்கார விடுதி, ஏழையர் விடுதி. முன்னால் பெரிதாக நிற்பது செயல், பின்னால் சிறிதாகத் தெரிவது அதன் விளைவு. தீர்ப்பு பெரும்பாலும் அந்தச் சிறிய இடத்தில்தான் இருக்கும்.

அரசியல் படமானால், டச்சுக் குடியரசின் சின்னமான சிங்கத்தின் பாதத்தில் உள்ள அம்புகளை எண்ணுங்கள். ஏழு அம்பு அக்குடியரசின் ஏழு மாகாணம். வேலியிட்ட தோட்டம் நாடு; ஈட்டி முனையில் தொப்பி சுதந்திரம்.

சிங்கம் வாளை இடப் பாதத்தில் பிடித்திருந்தால் உடனே அதற்குப் பொருள் தேடாதீர்கள். செப்புத் தகட்டில் கண்டபடியே செதுக்கினால் அச்சில் இடம் வலமாகும். நகலெடுத்தவர் எழுத்தை மட்டும் திருப்பிச் செதுக்கிவிட்டு, படத்தை அப்படியே விட்டிருக்கலாம்.

சட்டம் போடும்போது தகடு அழுந்திய தடம் முழுதும் தெரியட்டும். அதற்கு வெளியிலும் தாள் மிஞ்சட்டும். பின்னட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். ஒட்டுநாடா கூடாது, ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை மாவுப் பசையும் போதும், அதுவும் மேல் ஓரத்தில் மட்டும். வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது.